மூன்று நிமிட ஆகாயம்

சென்னிப்பாளையத்துக்கும் ஆழித்துறைக்கும் நடுவில் இருந்த ஆகாயம் சுருங்கத் தொடங்கியது ஓர் ஆவணி மாதத்துக் காலைப்பொழுதில். அன்று விமானத்தில் இருந்த யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. பணிப்பெண் காபி ஊற்றிக்கொண்டே பாதி வரிசைகளைத் தாண்டுவதற்குள் சக்கரங்கள் தரையைத் தொட்டுவிட்டன, பின்வரிசைக்காரர்கள் தங்களுக்குக் காபி கிடைக்காததைப் பற்றி மட்டும் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். ஐம்பத்தைந்து நிமிடப் பயணம் அன்றைக்கு முக்கால் மணி நேரத்தில் முடிந்திருந்தது. காத்து நல்லா அடிச்சிருக்கும் என்றார்கள். மறுநாளும் காற்று நன்றாக அடித்தது, அதற்கு மறுநாளும் அடித்தது. பிறகு இலை அசையாத ஒரு நாளிலும் விமானம் அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தபோது, சென்னிப்பாளையத்தார் காற்றைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, கடலில் குளிக்கப் போனால் மாற்றுத்துணி எத்தனை எடுத்துப் போக வேண்டும் என்று பேச ஆரம்பித்தார்கள்.

சென்னிப்பாளையம் மேற்கே மலையடிவாரத்தில், தறிச் சத்தத்திலேயே தூங்கித் தறிச் சத்தத்திலேயே விழிக்கிற ஊர். ஆழித்துறை தென்கிழக்கே, உப்பளமும் படகுகளுமாகக் கடலோரத்தில் கிடக்கிற ஊர். பஸ்ஸில் போனால் ஒன்பது மணி நேரம் ஆகும், ஆகாயம் சுருங்கிய பிறகும் பஸ்ஸுக்கு அதே ஒன்பது மணி நேரம்தான் ஆனது. நடுவில் இருந்த ஆறும் பொட்டல்காடும் மலைத்தொடரும் தரையில் அதது இருந்த இடத்திலேயே இருந்தன. மேலே போகிறவர்களுக்கு மட்டும் அவை இல்லாமல் போயின. ஜன்னல் வழியாகப் பார்த்தால் முதலில் தறிக்கூடங்களின் தகரக் கூரைகள் தெரியும், பிறகு கொஞ்சம் புகைமூட்டம், அதைத் தாண்டியதும் வெள்ளை வெளேரென்று உப்பளம்.

சென்னிப்பாளையம் ஏர்போர்ட்டில் அந்த விமானத்தை அறிவிக்கிற குரல் இந்துராணியுடையது. கவுண்டரில் உட்கார்ந்து சீட்டுக் கொடுப்பவளும் அவள்தான், மைக்கில் கூப்பிடுபவளும் அவள்தான். "ஆழித்துறை செல்லும் பயணிகள்" என்று சொல்லும்போது அந்த ஊர்ப் பெயரில் அவள் குரல் சற்றுத் தங்கிவிட்டுப் போகும் என்பதை ஊரே கவனித்திருந்தது. அவளுடைய கணவன் இசக்கிராஜன் ஆழித்துறை ஏர்போர்ட்டின் டவரில் இருந்தான். விமானங்களை எப்போது ஏறு, எப்போது இறங்கு என்று ரேடியோவில் சொல்லி வழிநடத்துகிற வேலை. அவன் பிறந்த ஊரும் அந்தக் கடலோரம்தான். முதலில் சென்னிப்பாளையத்து டவரில் வேலை பார்க்க வந்தவன், இந்துராணியின் குரலைக் கேட்டுவிட்டுத்தான் முகத்தைப் பார்க்க இறங்கி வந்தான் என்று ஊரில் சொல்வார்கள். கல்யாணமாகி எட்டு மாதம் ஏர்போர்ட் ரோட்டில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தார்கள். பிறகு அவனை ஆழித்துறைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வருடம், மிஞ்சிப்போனால் இரண்டு, திரும்பி வந்துவிடுவேன் என்று சொல்லி அழுதுகொண்டே போனான். அப்படிப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது.

ஆறு வருடமும் சாயங்காலம் தவறாமல் ஃபோன் பண்ணினான். வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காததால் ஏர்போர்ட் வாசல் வேப்பமரத்தடியில் நின்றுதான் அவள் பேசுவாள், பூக்காரியும் ஆட்டோக்காரர்களும் பாதிப் பேச்சைக் காதால் கேட்டு மீதியைத் தாங்களே இட்டுக்கட்டிக்கொள்வார்கள். அவன் அங்கே உப்பளத்தின் மேல் நிலா எழும்பியதைச் சொல்வான், இவள் இங்கே மலைக்குப் பின்னால் வெயில் போனதைச் சொல்வாள். "ஒன்ன விட்டு இருக்க முடியல்ல ராணி, இந்தத் தூரந்தான் என்னக் கொல்லுது" என்று அவன் சொல்லும்போது, அவள் மரத்தில் சாய்ந்துகொண்டு நிற்பாள், அதைப் பார்த்த ஆட்டோக்காரர்கள் தங்கள் வீட்டுக்குப் போய் மனைவிமாரிடம் கொஞ்சம் அன்பாக நடந்துகொண்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் வந்துவிட்டுப் போவான். போகும்போது கண் கலங்குவான். குழந்தை இல்லையே என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், "தூரம் அப்படி, என்ன பண்ணச் சொல்றீங்க" என்று இவள் வாய் திறப்பதற்கு முன்னால் ஊரே பதில் சொல்லும்.

அந்த ஊரில் அவளுக்கு மிகவும் நெருக்கம் பக்கத்து வீட்டு ராமாத்தாள். மாவரைக்கிற கடை வைத்திருந்தாள், மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப்பேசி வளர்ந்த குரல் அவளுக்கு. இந்துராணிக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பது அவள்தான், விசேஷ நாளில் தனியாக இருக்கவிடாமல் இழுத்துப்போய் இலை போடுவதும் அவள்தான். ஏர்போர்ட் மதிலை ஒட்டி ஒரு மாகாளியம்மன் கோயில் உண்டு. ஓடுபாதை போடும்போது அதை இடிக்க மனமில்லாமல் மதிலை வளைத்துக் கட்டியிருந்தார்கள். ராமாத்தாள் வெள்ளிக்கிழமைதோறும் இந்துராணியை அங்கே கூட்டிப்போவாள். "மாற்றல் வேணும்னு கேக்காதே கண்ணு, ஆபீஸ் பேச்செல்லாம் ஆத்தாளுக்குப் புரியாது. இந்தத் தூரத்தைக் கொறைச்சுக் குடு தாயேன்னு கேளு" என்று சொல்லிக்கொடுத்தாள். இந்துராணி அப்படியே கேட்டாள். ஊருக்கு வரும்போதெல்லாம் இசக்கிராஜனும் அவள் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டான்.

அதனால் ஆகாயம் சுருங்கியபோது ஏன் என்று யோசிக்க வேண்டிய வேலை ஊருக்கு இருக்கவில்லை. சென்னையிலிருந்து அதிகாரிகள் பெட்டி பெட்டியாகக் கருவிகளோடு வந்து ஓடுபாதையின் இரண்டு முனையிலும் நின்று அளந்தார்கள், இளநீர் குடித்தார்கள், கருவிகள் சரியாக வேலை செய்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ராமாத்தாள் தன் கடை வாசலில் நின்று, "இந்தப் புள்ளை விட்ட கண்ணீருக்குத்தான் ஆத்தா ஆகாசத்தைப் பாயாட்டம் சுருட்டறா" என்றாள். அன்று மாலை இந்துராணிக்கு மாலை போட்டுப் பட்டுப்புடவை கொடுத்தார்கள். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் கையால் திருநீறு பூசச் சொன்னார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை என்று அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை, நாளடைவில் அவளுக்கே அப்படித்தானோ என்று தோன்றிவிட்டது. ஆறு வருட ஏக்கத்துக்கு அவ்வளவு கனம் இருந்திருக்கலாம், ஆகாயத்தையே இழுத்திருக்கலாம்.

அரை மணி இருபது நிமிடமாயிற்று, இருபது பத்தாயிற்று. விமானம் ஒரு நாளைக்கு நாலு தடவை போய் வந்தது, பிறகு பத்துத் தடவை, பிறகு டவுன் பஸ் மாதிரி ஓயாமல் போய்வந்தது. சென்னிப்பாளையத்துக் கிழவிகள் விடியும்போது போய்க் கடலில் முழுகிவிட்டு, ஈரத்தலையோடு வந்து உலை வைத்தார்கள். ஐஸில் விறைத்த மீனையே தின்று பழகிய ஊருக்குத் துள்ளுகிற மீன் வந்தது, ஊர்ப் பூனைகளெல்லாம் நடக்க முடியாமல் கொழுத்தன. தகரக் கூரைகளின் மேல் கடல்காக்கைகள் உட்கார்ந்தன. உப்புக்காற்று பட்டுத் தறிகளில் துரு ஏறியது, அதைத் துடைப்பதற்கென்று எண்ணெய்த் துணியும் கையுமாக ஆட்கள் கிளம்பினார்கள். ஆழித்துறைக்காரர்கள் சாயங்காலமானால் மலைக்காற்று வாங்க வந்து, துண்டும் போர்வையும் எடுத்துக்கொண்டு, பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போட்டுப் பழகிக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கத்துப் பையனுக்கு இந்தப் பக்கத்துப் பெண், இந்தப் பக்கத்துப் பையனுக்கு அந்தப் பக்கத்துப் பெண் என்று முகூர்த்த நாளெல்லாம் நிரம்பிப்போனது.

இந்துராணி வீட்டுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டாள். சுவருக்குக் கடல் நிறத்தில் சாயம் அடித்தாள். "இனி நீங்க டூட்டி முடிஞ்சதும் வீட்டுக்கே வந்துரலாங்க, காலைல டிபன் சாப்பிட்டுப்போட்டுப் போலாம்" என்று ஃபோனில் சொன்னாள்.

"அதுக்கென்ன, வாரேன்" என்றான் இசக்கிராஜன். "இப்பம் ப்ளேன் நெறய ஓடுதுல்லா, மூச்சு விட நேரமில்ல. கொஞ்சம் பொறுத்துக்க."

வேலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் ஐம்பத்தைந்து நிமிடத் தூரத்தில் இருந்தபோது ஒரு மணி நேரம் பேசியவன், இருபது நிமிடத் தூரத்தில் பத்து நிமிடம் பேசினான், பத்து நிமிடத் தூரத்தில் "சாப்டியா, செரி, வச்சிருதேன்" என்றான். நிலாவைப் பற்றிச் சொல்வதை எப்போது நிறுத்தினான் என்பது அவளுக்கு நினைவில்லை. ஒரே ஒருமுறை வீட்டுக்கு வந்தான். புது மெத்தையின் ஓரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல உட்கார்ந்திருந்துவிட்டு, டவரில் ஆள் இல்லை என்று ஃபோன் வந்ததாகச் சொல்லிக் கிளம்பிவிட்டான். ஃபோன் மணி அடித்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. சத்தம் வராமல் வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

கார்த்திகை பிறந்தபோது பயணம் மூன்று நிமிடமாகிவிட்டது. விமானத்தின் சக்கரங்களை உள்ளே மடக்கக்கூட நேரமில்லை, நீட்டிய கால்களோடு கொக்கு மாதிரி பறந்து இறங்கியது. அதற்குப் பிறகு சென்னிப்பாளையம் ஓடுபாதையின் கிழக்கு முனையில் போய் நின்றால், புகைமூட்டத்துக்கு அப்பால் ஆழித்துறையின் டவர் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. உச்சியில் கண்ணாடி அறை, அதற்குள் நடமாடுகிற ஆள் உருவம். இந்துராணி முதல் நாள் அங்கே போய் நின்று கையை ஆட்டினாள். இரண்டாம் நாள் மஞ்சள் துப்பட்டாவைக் கழற்றி வீசி வீசி ஆட்டினாள். மூன்றாம் நாள் அந்தக் கண்ணாடியில் திரை இறக்கிவிடப்பட்டிருந்தது.

"வெயில் ஸ்க்ரீன்ல அடிக்குது ராணி, ஒண்ணுமே தெரியல்ல, அதான்" என்றான்.

அவள் சரி என்றாள். மறுநாள் காலை வேலைக்கு வந்ததும் போய்ப் பார்த்தாள். சூரியன் ஆழித்துறை டவருக்குப் பின்னால், கடலுக்கு மேல் இருந்தது. வெயில் விழுகிற பக்கத்துக் கண்ணாடிகள் எல்லாம் திறந்து கிடந்து பளபளத்தன. சென்னிப்பாளையத்தைப் பார்த்த பக்கத்தில் மட்டும் திரை இறங்கியிருந்தது.

அதே வாரத்தில் ஆழித்துறை ஏர்போர்ட்டில் பாதுகாப்புச் சோதனையில் வேலை பார்க்கிற ஸ்டெல்லா என்ற பெண், தீபாவளிக்கு எடுக்காமல் விட்ட போர்வைகளை எடுக்க சென்னிப்பாளையம் வந்தாள். கவுண்டரில் இந்துராணியின் பெயர் எழுதிய பட்டையைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"யக்கா, நீங்கதான் இசக்கிராஜன் சாரோட வீட்டம்மாவா? அப்பாடி, இன்னைக்காவது பாத்தேனே. ஏன்க்கா எங்க ஊரு ஒங்களுக்கு அவ்வளவு வெறுத்துப் போச்சு?"

"எனக்கா? நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?"

"சார்தான் சொல்லுவாவ. ஒங்களுக்கு உப்புக்காத்து ஒத்துக்கிடாது, அங்க குவார்ட்டர்ஸ் குடுத்தாலும் வரமாட்டீயன்னு. செரி, அவியளாவது இங்க வரலாம்லா? மூணு தடவ மாற்றல் வந்துச்சு, மூணு தடவயும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாவ. ரெண்டு பேரும் இப்படி வீம்பு புடிச்சா எப்படின்னு நாங்க பேசிக்கிடுவோம்." இந்துராணியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டெல்லாவின் பேச்சு மெல்ல மெல்ல நின்றது. "யக்கா, நான் எதுவும் தப்பாச் சொல்லிட்டனா?"

"இல்லீங்க" என்றாள் இந்துராணி. "உங்க பையை எடையில வைங்க."

அடுத்த விமானத்தை வழக்கம் போல அறிவித்தாள். அன்று அந்த ஊர்ப் பெயரில் அவள் குரல் தங்கவில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை. ஏனென்றால் ஊருக்கு அப்போது வேறு கவலை வந்துவிட்டது.

தூரம் என்ற ஒரு சொல் எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது அது போன பிறகுதான் இரண்டு ஊர்களுக்கும் தெரிந்தது. வர முடியலீங்க, தூரம், என்று இனி யாரும் சொல்ல முடியவில்லை. அங்கே ஒரு சாவு என்றால் இங்கிருந்து போக வேண்டும், இங்கே ஒரு காதுகுத்து என்றால் அங்கிருந்து வர வேண்டும், ஒரே நாளில் இரண்டு துக்கமும் ஒரு வளைகாப்பும் பார்த்துவிட்டு வந்தவர்கள் எந்த வீட்டில் அழுதோம், எந்த வீட்டில் சிரித்தோம் என்று குழம்பினார்கள். சம்பந்திகள் காலையில் காபிக்கு வந்தார்கள், மாலையிலும் வந்தார்கள். அம்மாவைப் பிரிந்து வந்தேனே என்று மூன்று வருடமாக அழுத பெண்ணுக்கு, அம்மா தினமும் வந்து அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பது பொறுக்கவில்லை. அப்பாவின் அதட்டலிலிருந்து தப்பி ஆழித்துறையில் வேலை தேடிக்கொண்டவன், மத்தியானம் சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்கும்போது எதிரில் அப்பா உட்கார்ந்திருக்கக் கண்டான். எங்க ஊர்ல எங்களுக்கு இருபது தறி என்று சொல்லிப் பெண் கட்டியவனின் வீட்டுக்கு மாமனார் போய் இரண்டு தறியைப் பார்த்துவிட்டு வந்தார். உயிர் போகிற மாதிரி ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்த ஜனங்கள், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காமல் போனார்கள்.

அப்போது ராமாத்தாள் ஏழெட்டுப் பெண்களோடு இந்துராணியின் வீட்டுக்கு வந்தாள். மூத்த மகனுக்கு ஆழித்துறையில் பெண் எடுத்திருந்தாள் அவள்; மருமகளின் அம்மா, பாட்டி, இரண்டு அத்தைகள் எல்லோரும் இப்போது அவள் வீட்டில்தான் பாதி நாள் சாப்பிட்டார்கள்.

"கண்ணு, தப்பா நெனைக்காதே" என்றாள். "நீதான் கேட்டே, ஆத்தா குடுத்தா. நீயே திருப்பிக் குடுத்துரு. பொங்கல் வெச்சு, போதுந்தாயே, பழையபடி ஆக்கிருன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு."

"நீங்கதானுங்க்கா கேக்கச் சொன்னீங்க."

"சொன்னேன். இப்ப யாரு இல்லைன்னா?" ராமாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊரு தாங்கலே அம்மணி."

ஸ்டெல்லா சொன்னதை இந்துராணி யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. "நாளைக்கு நான் அங்க போயிட்டு வந்துடறனுங்க்கா" என்றாள். "அவருகிட்ட ஒண்ணு கேக்கோணும். கேட்டுப்போட்டு வந்து சொல்றேன்."

"தாராளமாப் போயிட்டு வா. நீ வர்ற வரைக்கும் அடுப்புப் பத்த வெக்க மாட்டோம். ஆத்தா மேல ஆணை" என்றாள் ராமாத்தாள். கூட வந்த பெண்களும் தலையாட்டினார்கள்.

மறுநாள் மத்தியானம் இந்துராணி ஆழித்துறையில் இறங்கினாள். டவரின் அடியில், தீயணைப்பு வண்டி நிறுத்துகிற கொட்டகை நிழலில் இசக்கிராஜன் வந்து நின்றான். ஆறு வருடத்தில் அவள் அந்த ஊருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. எப்போது கேட்டாலும் "அலையாத, நானே வாரேன்" என்பான். கடல் காற்று அவன் சட்டையைப் படபடவென்று அடித்தது. இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் கண்கள் ஒரு நொடி பாசத்தோடு விரிந்து, உடனே வேறெங்கோ போயின.

"எனக்கு இந்த ஊரு ஒத்துக்காதுன்னு சொன்னீங்களாமா" என்றாள்.

ஒரு விமானம் இறங்கியது. அதன் இரைச்சல் அடங்கும்வரை இருவரும் நின்றார்கள்.

"மூணு தடவை வந்த மாற்றலை வேண்டாம்னீங்களாமா."

"ஆமா."

"வேற யாராவது இருக்காங்களாங்க?"

"ச்சே! சத்தியமா இல்ல ராணி. ஒன்னயத் தவிர எனக்கு யாரு?" அவன் குரல் உடைந்தது. "எப்படிச் சொல்லுவேன் ஒனக்கு. ஃபோன்ல நீ பேசுதப்பம் இந்த ஒலகத்துலயே ஒன்ன மாதிரி ஒருத்தி கெடையாதுன்னு இருக்கும். நீ அங்க இருக்க, நான் இங்க இருக்கேன், நடுவுல அத்தன காடும் மலையும் இருக்குன்னு நெனச்சாலே நெஞ்சு நெறஞ்சிரும். பக்கத்துல வந்து ஒக்காந்தன்னா எனக்கு மூச்சு முட்டுது. அந்த எட்டு மாசமும் அப்படித்தான் இருந்துச்சு. ஒங்கிட்ட ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான் என்னமோ."

"போறப்பெல்லாம் அழுதீங்களே."

"அது நெசமாத்தான் அழுதேன்."

"கோயில்ல எம் பக்கத்துல நின்னு கும்பிட்டீங்களே. நான் தூரத்தைக் கொறைக்கச் சொல்லிக் கேட்டுட்டு நின்னனே, அப்ப நீங்க என்ன கேட்டீங்க?"

இசக்கிராஜன் தரையைப் பார்த்தான். "இப்படியே இருக்கணும்னு" என்றான்.

அடுத்த விமானம் இறங்கக் காத்திருப்பதாக மேலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவன் படிக்கட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இருந்துவிட்டுப் போ என்று அவன் சொல்லியிருந்தால், அந்த ஒரு வார்த்தைக்காக அவள் ஊரையே எதிர்த்திருப்பாள். அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள். அவன், "மேல போவணும்" என்றான்.

"போங்க" என்றாள்.

விமானத்தில் ஏறும்போதே அவள் முடிவு பண்ணியிருந்தாள். போய் இறங்கியதும் குளித்துவிட்டுத் தன் கையாலேயே பொங்கல் வைத்துவிடுவது. ஊர் கேட்டதைக் கொடுத்துவிடுவது. இந்த மூன்று நிமிடத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்யப் போகிறாள்? அவளாக வாங்கியதை அவளாகவே திருப்பிக் கொடுத்தால், அது ஒன்றாவது அவளுடையதாக இருக்கும் என்று தோன்றியது. உப்பளம் கீழே நழுவியது. புகைமூட்டம் வந்தது. தகரக் கூரைகளுக்காக அவள் ஜன்னலில் குனிந்தாள்.

புகைமூட்டம் விலகியபோது கீழே ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

ஆற்றுக்குப் பின்னால் பனங்காடு வந்தது, செம்மண் பொட்டல் வந்தது, குளங்கள் வந்தன, ஒரு கோபுரம், ஒரு ரயில் பாதை, அதில் புழு மாதிரி ஒரு சரக்கு ரயில், பிறகு மலைத்தொடர் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து எழுந்து வந்தது. முன்வரிசையில் ஒருவர், "அட, வந்துருச்சுப்பா!" என்றார். அவ்வளவுதான், மொத்த விமானமும் கைதட்டியது. பணிப்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பல மாதங்களுக்குப் பிறகு காபி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இந்துராணிக்குப் பக்கத்தில், மகள் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுக்கொண்டு திரும்புகிற ஓர் அம்மா, அவள் தொடையைத் தட்டிச் சொன்னாள்: "இனி என்ற புள்ள என்னைத் தேடுவா பாருங்க. இன்னிக்குச் சாயங்காலமே ஃபோன் பண்ணுவா."

இந்துராணி ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு மலையும் வந்து அவளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார்கள். அவள் வருகிற வரைக்கும் காத்திருக்கவில்லை. ஐம்பத்தைந்து நிமிடமும் அவள் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள், அவனைப் பற்றி நினைக்கவில்லை.

கோயில் முன்னால் வரிசையாகப் பானைகள் பொங்கி வழிந்துகொண்டிருந்தன. ஊரே கூடியிருந்தது. அவளைக் கண்டதும் கூட்டம் விலகி வழிவிட்டது, யாரும் நேராகப் பார்க்கவில்லை. அவள் திருநீறு பூசிவிட்ட குழந்தைகளை வைத்திருந்த தாய்மார்கள் அவற்றை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள். ராமாத்தாள் இலையில் சூடான பொங்கலோடு எதிரே வந்தாள். அவள் கண்கள் அடுப்புப் புகையில் சிவந்திருந்தன.

"கோவிச்சுக்காதே கண்ணு" என்றாள். "நீ வந்து அழுதீன்னா எங்களுக்கு மனசு வராது. அதான், நீ வர்றதுக்கு முன்னாலயே வெச்சுப்போட்டோம். உனக்காகத்தான். நீயே கேட்டு நீயே திருப்பிக் குடுக்கற சங்கடம் உனக்கு எதுக்குன்னு."

"நானே வெக்கலாம்னுதானுங்க்கா வந்தேன்" என்றாள் இந்துராணி.

ராமாத்தாளின் கை இலையோடு நடுவில் நின்றுவிட்டது.

காலையிலிருந்து இந்துராணி எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. இலையை வாங்கி, நின்றபடியே பொங்கலைச் சாப்பிட்டாள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பருக்கை மீதம் வைக்காமல். கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

"சேந்துட்டியா ராணி?" பழைய குரல். கனிந்து, கரைந்து, ஆறு வருடம் அவளை வாழவைத்த அதே குரல். "மேல நின்னு பாத்தேன். ஒங்க டவர் மறஞ்சிட்டு. மறஞ்ச ஒடனே என்னமோ போல ஆயிட்டு ராணி, ஒன்ன ரொம்பத் தேடுது. மத்தியானம் பேசுனத மனசுல வச்சிக்கிடாத. கடலுக்கு மேல இப்பம் என்ன நெறம் தெரியுமா..."

அவன் பொய் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. என்ன நிறம் என்று அவன் சொல்வதற்குள் ஃபோனை அணைத்தாள்.

தை பிறப்பதற்கு முன்பே அவள் வேறு ஏர்போர்ட்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சாமானை ஏற்றிய அன்று தெருவே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. எந்த ஊர் என்று கேட்க யாருக்கும் முகமில்லை, ராமாத்தாளுக்கும் இல்லை. சென்னிப்பாளையத்தார் பழையபடி ஆழித்துறையில் இருக்கும் தங்கள் பிள்ளைகளை நினைத்து ஏங்கினார்கள், ஃபோனில் மாய்ந்து மாய்ந்து பேசினார்கள், வர முடியலீங்க, தூரம், என்றார்கள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை விமானத்தில் இசக்கிராஜன் வந்து இறங்கினான். ஏர்போர்ட் ரோட்டு வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். ஷேவ் பண்ணாத முகத்தோடு மாவுக் கடை வாசலில் வந்து நின்றான். ராமாத்தாள் மெஷினை நிறுத்தினாள்.

"எங்கன போயிருக்கா யக்கா?"

"தெரியலீங்க தம்பி."

"ஊரு பேராவது?"

அவள் தலையை ஆட்டினாள்.

அந்த ஒன்று தெரிந்தால்கூடப் போதும் என்பது போலக் கேட்டான்: "எவ்வளவு தூரம்னாவது தெரியுமா?"

ராமாத்தாள் மாவு படிந்த கையை முந்தானையில் துடைத்தாள். மெஷினைத் திரும்பவும் ஓடவிட்டாள்.